பனிமுகாமின் பொதுக் கணினி

வட துருவத்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தெற்கே, நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் நீ-ஓலசுண் என்றொரு சின்னஞ்சிறு ஊர் இருக்கிறது. பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் அடுத்தடுத்த வீடுகளாக நிற்கும் ஊர் அது. இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ நிலையம் 2008 ஜூலையில் திறக்கப்பட்டதும் இங்கேதான். 2015 முதல் கடலடியில் வரும் கண்ணாடி இழைக் கேபிளின் இணைப்பும் உண்டு. ஆனால் ஊருக்குள் வைஃபை கிடையாது. ப்ளூடூத் கூடாது. வந்து இறங்குகிறவர்கள் போனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட வேண்டும். இணையம் வேண்டுமென்றால் கேபிளைச் செருகிக்கொண்டு மேசை முன் உட்கார வேண்டும்.

காரணம் ஊருக்கு அருகில் இருக்கும் நில அளவை வானொலி நிலையம். பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வரும் குவாசர்களின் மிக மெல்லிய வானொலி அலைகளைப் பிடித்து, பூமியின் சுழற்சியையும் கண்டங்களின் நகர்வையும் அளக்கிறது அது. பக்கத்து அறையில் ஒரு ரௌட்டர் ஓடினாலே அந்த அலை மூழ்கிப்போகும். ஆகவே சுற்றிலும் 20 கிலோமீட்டருக்கு 2 முதல் 32 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளுக்குக் கட்டுப்பாடு.

தொலைதூர முகாமில் கணினியும் இணையமும் அமைப்பது என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருவது ஒரு டிஷ், ஒரு ரௌட்டர், ஒரு பாஸ்வேர்டு. நீ-ஓலசுண் அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது. அங்கே வெளியுலக இணைப்பு தாராளமாக இருக்கிறது. ஆனாலும் எந்தக் கருவியை எங்கே, எப்போது, யார் பயன்படுத்தலாம் என்று ஊரே கூடி ஒழுங்கு செய்துகொண்ட பிறகுதான் வலை வேலை செய்கிறது. அண்டார்க்டிக் நிலையங்கள், எவரெஸ்ட் அடிவார முகாம், ஆர்க்டிக் கிராமங்கள் ஆகிய மூன்றின் அனுபவத்தையும் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். முகாமுக்குள் இருக்கும் வலையையும் அதைப் பங்கிடும் முறையையும் முதலில் சரியாகக் கட்டியவர்கள் மெலிந்த வெளி இணைப்பை வைத்துக்கொண்டும் சமாளித்திருக்கிறார்கள். வெளி இணைப்பை மட்டும் நம்பியவர்கள் அது அறுந்த அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள்.

அண்டார்க்டிகாவுக்கு முதன்முதலில் வானொலித் தந்தியைக் கொண்டுபோனது டக்ளஸ் மாசனின் ஆஸ்திரேலியப் பயணக் குழு, 1911–14. கேப் டெனிசன் முகாமிலிருந்து மக்குவாரி தீவு, அங்கிருந்து ஹோபார்ட் என்று செய்தி போக வேண்டும். புயல் கம்பத்தைச் சாய்த்தபடியே இருந்தது. 1913-இல்தான் இருவழித் தொடர்பு நிலைத்தது. அந்த ஆண்டே வானொலி இயக்குநர் சிட்னி ஜெஃப்ரீஸ் மனநோய்க்கு ஆளானார். இரவெல்லாம் காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு, காற்றின் இரைச்சலுக்குள் எங்கோ ஒரு ‘டிட்’ கேட்கிறதா என்று காத்திருந்தவர் அவர். தொடர்புக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் ஆளே முகாமின் மிகவும் நொந்த ஆளாக இருக்கக்கூடும் என்ற பாடம் இந்தத் துறைக்குத் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. இன்றும் பல திட்டங்களில் கருவிகளுக்குப் பட்டியல் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாற்று ஆள் இல்லை.

பிறகு பல பத்தாண்டுகள் தந்திக் காலம். ஆஸ்திரேலிய நிலையங்களில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். அதனால் வீட்டுக்கு எழுதும் வழக்கமான வாக்கியங்களுக்கெல்லாம் ஐந்தெழுத்துக் குறிகள் அச்சிட்டுக் கொடுத்திருந்தார்கள். ஐந்து எழுத்துக்குள் மனைவிக்கு முழு அன்பையும் அனுப்பிவிட முடியும். இந்தியாவின் முதல் அண்டார்க்டிக் நிலையமான தட்சிண கங்கோத்ரியில் 1984-இல் அஞ்சலகமே திறக்கப்பட்டது. அந்த வரிசையில் மூன்றாவதான பாரதி நிலைய அஞ்சலகம் 2024 ஏப்ரலில் தொடங்கியது. கையில் வாட்ஸ்அப் இருக்கும் காலத்திலும் அங்கிருந்து அஞ்சல் முத்திரையோடு ஒரு கடிதம் வருவதை வீட்டார் பொக்கிஷமாக வைத்துக்கொள்கிறார்கள்.

இனி வானத்துக்கு வரலாம். தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்களில் பெரும்பகுதி பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுகின்றன. சென்னையிலிருந்து பார்த்தால் அவை உச்சிக்கு அருகில் இருக்கும். அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி நிலையம் ஏறக்குறைய 71 டிகிரி தெற்கில் இருக்கிறது. அங்கிருந்து அதே செயற்கைக்கோள் அடிவானத்துக்கு மேலே அதிகபட்சம் ஏறக்குறைய 11 டிகிரியில்தான் தெரியும். டிஷ் வானத்தைப் பார்க்காது, வடக்கே அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவே ஒரு குன்று வந்தாலும் இணைப்புப் போச்சு. அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்துக்கு இதுதான் சிக்கல். எரிபஸ் மலை பார்வையை மறைப்பதால், டிஷ்ஷைப் பல கிலோமீட்டர் தள்ளி பிளாக் தீவில் நிறுத்தி, அங்கிருந்து மைக்ரோவேவ் மூலம் நிலையத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆளில்லாத அந்தத் தீவில் காற்றாலை, சூரியத் தகடு, டீசல் ஜெனரேட்டர் மூன்றும் மாறி மாறி மின்சாரம் கொடுக்கின்றன.

ஏறக்குறைய 81 டிகிரியைத் தாண்டினால் இந்தச் செயற்கைக்கோள்கள் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். 90 டிகிரியில் இருக்கும் அமுண்ட்சன்-ஸ்காட் தென் துருவ நிலையம் என்ன செய்கிறது? வயதாகி, எரிபொருள் குறைந்து, பாதை சாய்ந்துபோன பழைய செயற்கைக்கோள்களைப் பிடித்துக்கொள்கிறது. சாய்ந்த பாதையில் சுற்றுவதால் அவை ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் துருவத்துக்குத் தலைகாட்டும். 1978-இல் வானிலைக்காக ஏவப்பட்ட கோஸ்-3 இப்படி 2016 வரை உழைத்தது. நாசாவின் டிடிஆர்எஸ்-1, பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்கைநெட்-4சி ஆகியவையும் துருவத்துக்கு வேலை செய்த முதியவர்கள்தாம்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. நட்சத்திரக் கணக்கில் சுற்றும் செயற்கைக்கோள் நாளுக்கு நாள் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாகவே எழும். ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம், ஆறு மாதத்தில் பன்னிரண்டு மணி நேரம். ஜனவரியில் மதியம் இணையம் கிடைத்தவருக்கு ஜூலையில் நள்ளிரவில் கிடைக்கும். குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கியிருக்கும் நாற்பதுக்கும் சற்று மேற்பட்டவர்களின் தூக்கம், ஷிப்ட், வீட்டாரோடு பேசும் நேரம் எல்லாம் இந்த நான்கு நிமிடத்துக்குப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருக்கும். செயற்கைக்கோள் மறைந்திருக்கும் நேரத்துக்கு இரிடியம் உண்டு. 66 செயற்கைக்கோள்கள், துருவத்தின் மேலேயே கடந்துபோகும் பாதைகள். ஆனால் அதன் பழைய இணைப்பின் வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட். படமில்லாத மின்னஞ்சல் போகும், அவ்வளவே.

2022 செப்டம்பரில் மெக்மர்டோவில் ஸ்டார்லிங்க் டிஷ் ஒன்று சோதனைக்கு வந்தது. ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் செயற்கைக்கோள்கள், ஒன்றுக்கொன்று லேசர் ஒளியால் செய்தியைக் கடத்தி, வேறு கண்டத்தில் இருக்கும் தரை நிலையத்தில் இறக்குகின்றன. பூமத்திய ரேகைக்கு மேலே போய் வரும் சமிக்ஞைக்கு அரை நொடிக்கு மேல் தாமதம், இதில் அதன் சிறு பங்கே. அதுவரை மெக்மர்டோவில் கோடைக்காலத்தில் தங்கும் சுமார் ஆயிரம் பேருக்கும் சேர்த்து இருந்த மொத்த இணைப்பு, ஊரில் ஒரே வீட்டுக்கு வரும் பிராட்பேண்டைவிடக் குறைவு. வீடியோ அழைப்பு, திரைப்படம், தானாகப் படங்களை மேகத்துக்கு ஏற்றும் செயலி எல்லாவற்றுக்கும் தடை இருந்தது. இனி அந்தக் கவலை தீர்ந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். அது அவசர முடிவு. இணைப்பு பெருகினால் தேவையும் கூடவே பெருகும். பங்கிடும் முறை தளர்ந்த முகாமில் புதிய டிஷ்ஷும் சில வாரங்களில் பழைய டிஷ்ஷைப் போலவே திணறும்.

எவரெஸ்டின் கதை வேறு மாதிரி. அங்கே வானம் தாராளமாகத் தெரியும், தரைதான் நிற்காது. 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் தெற்கு அடிவார முகாம் கும்பு பனியாற்றின் மேலேயே போடப்படுகிறது. கூடாரத்துக்கு அடியில் பனி உருகும், விரியும், நகரும். காலையில் நேராக நிறுத்திய டிஷ் சில நாளில் சாய்ந்திருக்கும். பனியில் பதிந்த கேபிளைப் பருவ முடிவில் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். முதல் ஏற்றத்தின் 50-ஆம் ஆண்டான 2003-இல், கும்பு பகுதியைச் சேர்ந்த ட்செரிங் கியால்ட்சென் ஷெர்பா அடிவார முகாமில் இணைய மையம் தொடங்கியபோது இதைக் கணக்கில் எடுத்தார். டிஷ்ஷைப் பனியாற்றுக்கு வெளியே உறுதியான தரையில் நிறுத்துவது, அங்கிருந்து வயர்லெஸ் மூலம் முகாமுக்குக் கொண்டுபோவது என்பது திட்டம். வெளிநாட்டுப் பொறியாளருக்குக் கணக்குப் போட்டுத் தெரியவரும் விஷயம் உள்ளூர்க்காரருக்குக் காலடியிலேயே தெரியும். அதே கும்புவில் பின்னாளில் எழுந்த ‘எவரெஸ்ட் லிங்க்’ வைஃபை வலை இன்று வழிநெடுக விடுதிகளில் கார்டு விற்கிறது. 2010-இல் என்செல் நிறுவனம் கோரக்ஷெப் அருகே 5,200 மீட்டர் உயரத்தில் 3ஜி கோபுரம் வைத்தது. மலையின் மறுபக்கம் திபெத்தில், 2020 ஏப்ரலில் சைனா மொபைலும் ஹூவாவேயும் 6,500 மீட்டரில் 5ஜி நிலையமே நிறுத்தின.

இவ்வளவு இருந்தும் சிகரம் ஏறுகிறவருக்கு உயிர்நாடியான தகவல் எது? மேலடுக்குக் காற்று எந்த நாளில் தணியும் என்ற வானிலைக் கணிப்பு. அது சில கிலோபைட் எழுத்து. மிகச் சிறிய அந்தச் செய்தி மற்ற வீடியோக்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்காமல் முதலில் வந்து சேர வேண்டும். முகாம் வலையை வடிவமைக்கிறவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

உள்ளே போய்ப் பார்க்கலாம். பொதுக் கணினி இருக்கும் கூடாரமோ அறையோ, அதன் முதல் எதிரி குளிர் என்று நினைப்போம். உண்மையில் குளிரைவிடக் கேடு செய்வது குளிரிலிருந்து சூட்டுக்கு மாறும் அந்தச் சில நிமிடம். வெளியே மைனஸ் 30 டிகிரியில் கிடந்த மடிக்கணினியைச் சமையல் கூடாரத்துக்குள் கொண்டுவந்ததும், உள்ளிருக்கும் ஆவியெல்லாம் அதன் மேல் படிந்து நீராகிவிடும். விசைப்பலகை நனையும், உள்ளே சர்க்யூட்டும் நனையும். அனுபவசாலிகள் வெளியிலேயே கணினியை பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்று புகாமல் கட்டிவிடுகிறார்கள். உள்ளே வந்து, பை முழுவதும் அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் அவிழ்ப்பார்கள். ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். பேட்டரிக்கும் இப்படியொரு விதி உண்டு: லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் அது நிரந்தரமாகக் கெடும். அதனால்தான் மலையேறிகள் பேட்டரியைத் தூங்கும் பைக்குள் அணைத்துக்கொண்டு படுக்கிறார்கள்.

உயரம் இன்னொரு எதிரி. பழைய ஹார்ட் டிஸ்க்கில், சுழலும் தட்டுக்கும் படிக்கும் முனைக்கும் நடுவே இருப்பது மெல்லிய காற்றுப்படலம். பெரும்பாலான டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரைதான் உத்தரவாதம் கொண்டவை. எவரெஸ்ட் அடிவாரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. முனை தட்டில் உரசி, பருவத்தின் மொத்தத் தரவும் போன கதைகள் ஒரு காலத்தில் சாதாரணம். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்தபின் இந்தக் கவலை ஒழிந்தது. முகாம் கணினிகளுக்குக் கடந்த இருபது ஆண்டுகளில் கிடைத்த மிகப் பெரிய வரம் ஸ்டார்லிங்க் இல்லை, எஸ்எஸ்டிதான் என்று வாதாடலாம்.

மூன்றாவது எதிரி வறட்சி. துருவக் காற்றில் ஈரமே இல்லை. கம்பளி உடுத்தி நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு யூஎஸ்பி முனையைத் தொட்டாலே பொறி பறக்கும், கருவி செத்துவிடவும் கூடும். உறைபனி மின்சாரத்தைக் கடத்தாததால் ‘எர்த்’ இறக்க வழியும் இல்லை. பனித்தூள் வீசும்போது வெட்டவெளியில் கிடக்கும் செம்புக் கேபிளில் மின்னூட்டம் ஏறும். கட்டடத்துக்குக் கட்டடம் கண்ணாடி இழை இழுப்பதற்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. அது மின்சாரத்தைக் கடத்தாது, அதுதான் முதல் காரணம்.

வைஃபை பெட்டியை எங்கே வைப்பது என்பதும் முகாமுக்கு முகாம் மாறும். துணிக் கூடாரத்துக்குள் அலை தடையின்றிப் போகும்; ஒரே பெட்டி நாலைந்து கூடாரங்களுக்கு எட்டும். பாரதி நிலையமோ 134 கப்பல் கன்டெய்னர்களைக் கோத்து எழுப்பிய கட்டடம். இப்படி இரும்புச் சுவர்கள் நடுவே வரும் இடத்தில் அலை அடுத்த அறைக்கே போகாது. தாழ்வாரத்துக்கு ஒன்று, உணவுக்கூடத்துக்கு ஒன்று என்று கேபிள் இழுத்துத் தனித்தனிப் பெட்டி வைத்தால்தான் வழி.

மின்சாரக் கணக்கையும் முன்பே போட்டுவிட வேண்டும். ஸ்டார்லிங்க் டிஷ் ஒன்று 50 முதல் 75 வாட் வரை இழுக்கும். நாள் முழுவதும் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். சூரியத் தகடும் பேட்டரியும் மட்டுமே உள்ள சிறு முகாமில் அது பெரிய பங்கு. இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அவசரத் தொடர்புக்கு ஒரு சிறு கருவியை மட்டும் விழித்திருக்கச் செய்யும் முகாம்கள் எரிபொருளை மிச்சம் பிடிக்கின்றன.

இனி வெளி இணைப்பு அறுந்த நாளைப் பார்ப்போம். அன்றைக்கும் முகாமின் கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும், கோப்புகள் கிடைக்க வேண்டும், அச்சு இயந்திரம் ஓட வேண்டும். இதற்கு முகாமுக்குள்ளேயே ஒரு சர்வர் தேவை. பெயர்களை முகவரியாக மாற்றும் வேலை, உள்ளூர் அஞ்சல், பகிர்ந்த கோப்புறை, மருத்துவக் கையேடுகள், கருவிகளின் பழுதுபார்ப்புக் குறிப்புகள் அதில் இருக்க வேண்டும். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைக்கலாம். ஆங்கிலப் பதிப்பு படங்களோடு ஏறக்குறைய 100 ஜிபி. தமிழ்ப் பதிப்பும் உண்டு. மென்பொருள் புதுப்பிப்புகளை ஒருமுறை மட்டும் இறக்கி, இருபது கணினிகளுக்கும் உள்ளிருந்தே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கப்பலில் வந்திறங்கிய இருபது மடிக்கணினிகளும் ஒரே நேரத்தில் விழித்துப் புதுப்பிப்பைத் தேடும், அன்றைய இணைப்பு முழுவதும் அதிலேயே போய்விடும்.

பலர் மறக்கும் ஒரு சிறு விஷயம் கடிகாரம். கணினியின் நேரம் பிசகினால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, அஞ்சல் திறக்காது, ஆய்வுத் தரவின் நேரக்குறிப்பும் பொய்யாகும். கூரையில் ஒரு ஜிபிஎஸ் ஆன்டெனாவை வைத்து அதிலிருந்தே முகாம் முழுவதுக்கும் நேரம் கொடுத்தால் வெளி இணைப்பே இல்லாமல் இது தீரும். செலவு மிகக் குறைவு.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2023-இல் தென் துருவத்தில் குளிர்காலத்தைக் கழித்த கணினிப் பொறியாளர் ஒருவர் தம் அனுபவத்தை மறு ஆண்டு எழுதினார். அவர் காட்டிய உதாரணங்கள் வலிக்கக்கூடியவை. ஒரு வரிச் செய்தியை அனுப்ப முதலில் 20 எம்பி நிரலை இறக்கச் சொல்லும் செயலிகள். பத்து நொடியில் பதில் வராவிட்டால் இறங்கியதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் செயலிகள். இணைப்பு மெதுவாக இருந்தாலும் உயிரோடுதான் இருந்தது. அதைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தது செயலிக்குள் யாரோ எழுதிவைத்த ஒரு கெடு. சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து உலகத்துக்கே செயலி எழுதும் தமிழ் இளைஞர்கள் இந்த ஒன்றைக் கவனித்தாலே போதும்: அறுந்த இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்கம். துருவத்துக்கு மட்டுமா, கொல்லிமலையில் இருக்கும் ஒரு பள்ளிக்கும் அது உதவும்.

பங்கீட்டுக்கு வருவோம். கோடையில் தெருக்குழாய்க்குத் தண்ணீர் ஒரு மணி நேரம் வரும்போது, ஒரு வீட்டார் மோட்டார் போட்டு உறிஞ்சினால் கடைசி வீட்டுக் குடத்தில் காற்றுதான் வரும். முகாமின் இணையமும் அப்படித்தான். தென் துருவத்தின் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டெராபைட் மூலத் தரவைச் சேர்க்கிறது. அதை அப்படியே அனுப்ப முயன்றால் வேறு யாருக்கும் எதுவும் மிஞ்சாது. அவர்கள் செய்தது அழகான ஏற்பாடு: அங்கேயே வடிகட்டி, சுமார் 100 ஜிபியை மட்டும் செயற்கைக்கோளில் அனுப்புகிறார்கள். மீதி டிஸ்க்கில் பதிந்து கோடையில் விமானமேறி வடக்கே போகிறது. எது இன்றே போக வேண்டும், எது காத்திருக்கலாம் என்று பிரித்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வரிசை இப்படி இருப்பது நியாயம்: உயிர் சம்பந்தப்பட்டது முதலில், வானிலையும் விமானப் போக்குவரத்தும் அடுத்து, பிறகு ஆய்வுத் தரவு, பிறகு சொந்த உபயோகம். இதில் பெரிய தகராறு வராது. தகராறு வருவது கடைசிப் படியில்தான். சொந்த உபயோகத்துக்கு மிஞ்சியதை யாருக்கு எவ்வளவு? பல முகாம்களில் விஞ்ஞானிக்கு அறையில் கணினி உண்டு. சமையல்காரர், வண்டி ஓட்டுநர், பிளம்பர் பொதுக் கணினியின் வரிசையில் நிற்க வேண்டும். எவரெஸ்டில் பணம் கட்டி வந்த மலையேறி கூடாரத்தில் படுத்தபடி வீட்டோடு பேசுவார். அவருக்காக ஆபத்தான பனிச்சரிவில் பலமுறை ஏறி இறங்கும் ஷெர்பா தம் சம்பளத்தில் கார்டு வாங்குவார். இது சரியில்லை. இணைய நேரத்தைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. ரௌட்டரில் ஆளுக்கொரு கணக்கும் அளவும் வைப்பது அரை மணி நேர வேலை. பயணத் தலைவர் ஒப்புக்கொண்டாலே போதும்.

பொதுக் கணினி என்றால் அந்தரங்கம் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அமெரிக்காவின் அண்டார்க்டிக் திட்டத்தில் பாலியல் தொந்தரவு பற்றி 2022-இல் வெளியான அறிக்கை, அங்கே பணிபுரிந்த பெண்களில் 72 விழுக்காட்டினர் அதை அந்தச் சமூகத்தின் பிரச்சினையாகக் கருதியதாகச் சொன்னது. அப்படியொரு இடத்தில் ஒரு பெண் புகார் எழுத வேண்டியிருந்தால், உணவுக்கூட மூலையில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கும் கணினியில் உட்கார்ந்தா எழுதுவார்? அதுவும் அந்தக் கணினியின் நிர்வாகக் கடவுச்சொல்லே புகாருக்குரியவர் கையில் இருந்தால்? ஆகவே குறைந்தது ஒரு கணினியாவது கதவடைக்கக்கூடிய அறையில் இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் பெயரில் நுழைந்து, வெளியேறியதும் தடயம் முழுவதும் அழிந்துபோகும்படி அமைக்க வேண்டும். வலையைப் பார்த்துக்கொள்கிறவர் எதையெல்லாம் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பது எழுத்தில் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் ஆபத்தும் கற்பனை இல்லை. 2003 மே மாதம், தென் துருவ நிலையத்தின் கணினிகளுக்குள் புகுந்துவிட்டதாகவும் பணம் கொடுக்காவிட்டால் தரவை விற்றுவிடுவதாகவும் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. விமானமே போக முடியாத குளிர்காலம் அது. எஃப்பிஐ விசாரணையில் ருமேனியாவில் இருவர் சிக்கினார்கள். அமெரிக்க நிலையங்களுக்குப் போகிறவர்கள் சொந்த மடிக்கணினியை வலையில் இணைக்கும் முன் அதை வைரஸ் சோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது விதி. இதைத் தொந்தரவாகச் சிலர் நினைப்பதுண்டு. ஆனால் அடுத்த கப்பல் எட்டு மாதம் கழித்து வரும் இடத்தில், ஒரு பென் டிரைவ் கொண்டுவரும் வைரஸ் எட்டு மாத நோய்.

நோய் என்றதும் இரண்டு மருத்துவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் அருகே இருக்கும், அன்று சோவியத் நிலையமாக இருந்த நோவோலாசரெவ்ஸ்காயாவில், 1961 ஏப்ரல் 30 இரவு, லியோனிட் ரோகோசோவ் தம் குடல்வாலைத் தாமே அறுத்து எடுத்தார். அங்கே இருந்த ஒரே மருத்துவர் அவர். புயல் காலம், விமானம் வராது. 1999-இல் தென் துருவத்தின் மருத்துவர் ஜெரி நீல்சன் தம் மார்பில் கட்டி இருப்பதைக் கண்டார். அவரும் தனி மருத்துவர்தான், அவருக்கும் விமானம் வராத குளிர்காலம்தான். ஆனால் அவருக்கு மின்னஞ்சல் இருந்தது, செயற்கைக்கோள் எட்டிப் பார்க்கும் சில மணி நேரம் இருந்தது. மருத்துவப் பயிற்சி இல்லாத சக ஊழியர்கள் உதவ, தம் உடலிலிருந்து திசு எடுத்து, அதன் படங்களை அமெரிக்காவுக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று உறுதியானது. விமானத்திலிருந்து மருந்து போடப்பட்டது, அங்கேயே சிகிச்சையைத் தொடங்கினார், அக்டோபரில் மீட்கப்பட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 2009-இல் அதே நோயால் இறந்தார். இடைப்பட்ட அந்தப் பத்து ஆண்டுகளை அவருக்குக் கொடுத்ததில் அந்த மெலிந்த இணைப்புக்கும் பங்கு உண்டு.

இணையம் வந்ததால் முகாம் வாழ்க்கையே கெட்டுவிட்டது என்று பழைய குளிர்காலவாசிகள் பலர் சொல்வதுண்டு. முன்பெல்லாம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சீட்டாட்டம், பாட்டு, அரட்டை. இப்போது ஆளுக்கொரு திரை என்பது அவர்கள் வருத்தம். அதில் உண்மை இருக்கிறது. அப்பா மருத்துவமனையில் இருக்கிறார் என்று தெரிந்தும் எட்டு மாதம் எதுவும் செய்ய முடியாமல் இருப்பது, தெரியாமலே இருப்பதைவிடக் கொடுமையாகவும் இருக்கலாம். ஆனால் தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்த மகன்தான், டிஷ்ஷின் அளவு இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வைஃபையை அணைத்துவைப்பது என்று முகாமே கூடி முடிவெடுக்கலாம். தலைவர் கட்டளையாகப் போட்டால் அது எடுபடுவதில்லை.

ஒன்று போனால் இன்னொன்று என்ற ஏற்பாட்டின் அருமையை ஸ்வால்பார்ட் 2022 ஜனவரியில் காட்டியது. அந்தத் தீவுகளை நார்வேயோடு இணைக்கும் இரண்டு கடலடிக் கேபிள்களில் ஒன்று சேதமடைந்தது. இரண்டாவது இருந்ததால் யாருக்கும் இணைப்புப் போகவில்லை. அண்டார்க்டிகாவுக்கு இன்னும் ஒரு கேபிள்கூடக் கிடையாது. பிரிட்டனின் ஹாலி நிலையமோ வேறொரு திசையில் போயிருக்கிறது. பனிப்பாளத்தில் வெடிப்பு கண்டதால் 2017 முதல் குளிர்காலத்தில் அங்கே ஆட்கள் தங்குவதில்லை. ஒரு சிறு டர்பைன் மின்சாரம் கொடுக்க, கருவிகள் தாமாகவே அளந்து கேம்பிரிட்ஜுக்குத் தரவு அனுப்புகின்றன. 1985-இல் உலகுக்கு ஓசோன் துளையைச் சொன்ன நிலையத்தில், மனிதர் இல்லாத குளிர்காலத்திலும் அளவீடு நடக்கிறது. உள்வலையை உறுதியாகக் கட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இந்தியாவிடமும் அனுபவம் குறைவில்லை. பாரதியில் இஸ்ரோ அமைத்த தரை நிலையம் 2013 முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்களின் தரவை வாங்கி ஹைதராபாத் அருகே ஷாத்நகருக்கு அனுப்பிவருகிறது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரத்தில் இருக்கும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்து விஞ்ஞானிகள் மைத்ரிக்குப் போய் வளிமண்டல மின்சாரத்தை அளந்து வந்திருக்கிறார்கள். 1989 முதல் உழைக்கும் மைத்ரிக்கு வயதாகிவிட்டது. அதற்குப் பதிலாக ஷிர்மாக்கர் பாலைவனச் சோலையிலேயே மைத்ரி-2 என்ற புதிய நிலையம் எழுப்பும் திட்டத்தை இந்தியா 2024-இல் கொச்சி அண்டார்க்டிக் மாநாட்டை ஒட்டி அறிவித்தது. வரைபடம் போடும் இந்தக் கட்டத்திலேயே சர்வர் அறைக்கும், கதவடைக்கும் ஒரு கணினி அறைக்கும், கட்டடங்களுக்கிடையே கண்ணாடி இழைக்கும் இடம் ஒதுக்கிவிட வேண்டும். இணைய நேரத்தைப் பங்கிடும் விதிகளை எழுதும் குழுவில் விஞ்ஞானிகளோடு, மைத்ரியில் குளிர்காலம் கழித்த சமையல்காரரும் மெக்கானிக்கும் உட்கார வேண்டும்.